இருபத்தாறு கையெழுத்துகள்

“முப்பது மெம்பர் இல்லன்னா மன்றத்துக்குப் பூட்டுன்னு போன்லயே சொல்லிட்டாரு அந்த ஆபீசர். என்னையும் சேர்த்து நாலு பேர்தான் கீறோம், சுலோச்சனா. ஒரே ஒரு நாளைக்கு உன் குழு பொம்பளைங்கள அனுப்பி வையி!”

மானாம்பதி உழவர் மனமகிழ் மன்றத்தின் செயலாளர் ஏகாம்பரம், மகளிர் குழுத் தலைவியின் வாசலில் நின்று கெஞ்சினார். ‘பெண்களுக்கு உறுப்பினர் உரிமை இல்லை’ என்ற விதியை நாற்பது ஆண்டுகள் காவல் காத்தவர் அவர். மழைக்கு ஒதுங்கிக் கூட்டம் நடத்த ஒரு மணி நேரம் இடம் தாருங்கள் என்று இதே பெண்கள் மூன்று முறை கேட்டபோது, மூன்று முறையும் கதவைச் சாத்தியவரும் அவரே. இன்றோ, சாத்துவதற்குக் கதவு இருந்தது. உள்ளே அமர ஆளில்லை! இளைஞர்கள் கம்பெனிப் பேருந்தில் ஏறிப் போய்விட்டார்கள். மீதமுள்ள கிழவர்களில் ஒருவருக்குக் கேரம் பலகையில் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகவே தெரிந்தன. ஆனாலும் மனைவியை இழந்த ஏகாம்பரத்துக்கு அந்த ஓட்டுக் கட்டடத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

“அனுப்பறண்ணே. ஆனா சும்மா வந்து குந்திக்கினு போவமாட்டோம். ரிஜிஸ்டர்ல உன் கையால பேரு எழுதணும், ஓட்டுரிமையோட. நாங்க கையெழுத்துப் போடுவோம்.”

இவ்வளவு எளிதில் இசைந்துவிட்டாளே, ஏன்? ஏகாம்பரத்தின் நெஞ்சில் ஐயம் முளைத்தது. ஆயினும் வேறு வழியின்றி, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய தேதியிட்டு இருபத்தாறு பெயர்களை எழுதினார்; பெண்கள் கையெழுத்திட்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கோப்பு, கழுத்தில் பின்பக்கம் திரும்பித் தொங்கிய அடையாள அட்டை, ஓடுகள் அதிரும் குரல்.

“மூணு வருசமா மெம்பருங்கிறீங்க. மை நேத்து ஊத்துனாப்பல கீதே?” என்று பதிவேட்டைப் புரட்டினார்.

“மழைக்காலம் சார். சரியா காயல” என்று ஏகாம்பரம் சமாளித்தார்.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஏகாம்பரம் ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தார். எவள் காட்டிக்கொடுப்பாள்? மூன்று முறை அவமானப்பட்டவள் நான்காம் முறை பழி வாங்கமாட்டாளா?

“நீ சொல்லும்மா. இவங்க உங்கள உள்ள வுடறாங்களா?”

சுலோச்சனா ஏகாம்பரத்தைப் பார்த்தாள்.

“தினம் வரோம் சார். செயலாளர் வாசல்லயே நின்னுக்கினு ‘வாங்கம்மா, வாங்கம்மா’ன்னு கூப்புடுவாரு.”

இவள் எதற்காகத் தம்மைக் காப்பாற்றுகிறாள்? அவருடைய ஐயம் இரட்டித்தது.

“அப்போ ஒருத்தர் கேரம் ஆடிக் காட்டுங்க!”

பெண்களில் இளையவளான சசிரேகா பலகை முன் உட்கார்ந்தாள். ஒரே சுண்டில் சிவப்புக் காய் குழிக்குள் விழுந்தது.

“எங்கடி கத்துக்கின?” ஏகாம்பரம் காதோரம் கிசுகிசுத்தார்.

“உங்க ஜன்னலுக்கு வெளியில நின்னுக்கினுதான், பெரியப்பா.”

அவர் தலை குனிந்தது. ஆட்டம் சூடு பிடித்தது. ஆரவாரத்தில் மன்றமே குலுங்கியது. “மூலைக் காய அடிடி!” என்று கூவியது தம்முடைய குரல்தான் என்று ஏகாம்பரம் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தார்.

“மன்றம் நடக்கலாம்!” என்று அதிகாரி முழங்கினார். “ஆனா இந்த இருபத்தாறுல ஒரு பேர அடிச்சாலும் பூட்டுதான். எழுதிக் கையெழுத்துப் போடுங்க!”

ஏகாம்பரம் அப்படியே எழுதிக் கொடுத்தார். அதிகாரி தேநீர்கூட அருந்தாமல் கிளம்பிவிட்டார். என்ன நேர்மை! உள்ளம் நெகிழ்ந்த செயலாளர், சோடா ஒன்றை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு விரைந்தார். நிழற்குடையின் மறுபக்கத்தில் சுலோச்சனாவின் குரல் கேட்டது.

“சேட்டு மாமா, கடைசில ரொம்பத்தான் மிரட்டிட்ட. பாவம், அண்ணன் பயந்தே பூட்டாரு.”

“கத்தச் சொன்னதே நீதானம்மா? போன வாரம் திருமுக்கூடல் நாடகத்துல ராஜா வேசம் கட்டினேன், அங்ககூட இப்படி வேர்க்கல!”

போனில் மிரட்டியதும் இதே குரல்தான் என்று ஏகாம்பரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மன்றத்திலிருந்து பெண்களின் சிரிப்பொலி தெரு முழுதும் மிதந்து வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தவர், வெளுத்துப்போன ‘அதிகாரி’யிடம் சோடாவை நீட்டினார்.

“குடிங்க, ஆபீசர் சார். மாசம் ஒருவாட்டி வந்து இதே மாதிரி கத்திட்டுப் போங்க. மத்த மூணு கெயவனுங்களும் நம்பிக்கினே இருக்கணும்!”