நர்ஸ் சொன்னால் சரி

கணவன் உள்ளங்காலைக் கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன புது அதிசயம்?" என்றாள் மனைவி.

"தினம் பார்க்கணும்னு நர்ஸ் சொன்னாங்க. சுகர் இருந்தா கால்ல புண் வந்தாலும் வலி தெரியாதாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காபியில் சர்க்கரையை நிறுத்தியதும் நர்ஸ் சொல்லித்தான். காலையில் நடக்கப் போவதும் நர்ஸ் சொல்லித்தான். வருஷக்கணக்காக இதையெல்லாம் இவள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியபோது அந்தக் காது எங்கே போயிருந்தது?

மறுநாள் கிளினிக்குக்கே போய்விட்டாள். நர்ஸ் சின்னப் பெண். பார்க்க லட்சணமாக வேறு இருந்து தொலைத்தாள்.

"என் வீட்டுக்காரருக்கு அப்படி என்ன சொக்குப்பொடி போட்டேம்மா?"

நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"நான் எதுவுமே சொல்லித் தரலைக்கா. 'நோயாளிக்குப் பாடம் நடத்தாதீங்க, அவருக்கு என்ன தெரியும்னு முதல்ல கேளுங்க'ன்னு எங்களுக்குப் பயிற்சியில சொன்னாங்க. கேட்டேன். கால், காபி, நடைன்னு அவரே கடகடன்னு ஒப்பிச்சார். 'எல்லாம் சரி, அப்படியே செய்யுங்க'ன்னேன்."

"அவருக்கு யார் சொன்னாங்களாம்?"

"நீங்கதான். 'அவ சொன்னதெல்லாம் சரின்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அப்புறம் அவளைக் கையில பிடிக்க முடியாது'ன்னார்."