ஓங்காத கை

வாமதேவன் கண்ணாடியைக் கழற்றிக் கீர்த்தனனிடம் கொடுத்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு தவசீலனுக்கு எதிரே நின்றார்.

"கையை முன்னுக்கு எடுங்கோ அண்ணை," என்றான் தவசீலன்.

"எடுக்க மாட்டன். நீ அடி."

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில், ரயில் பாதையை ஒட்டிய பூங்கா. மூவரும் ஒரே உணவகத்தில் வேலை செய்பவர்கள். மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவே கிடைக்கும் ஓய்வு நேரத்தில் வந்திருந்தார்கள்.

முதலாளி புறநகரான ஸ்தேனில் திறக்கும் புதுக் கடைக்குத் தவசீலனைத் தலைமைச் சமையல்காரனாகப் போட்டிருந்தார். அந்த இடத்தை எதிர்பார்த்திருந்தவர் வாமதேவன். நேற்றுச் சமையலறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "உவருக்கு வதிவிடக் கார்ட் வந்த உடனை பெண்சாதியைக் கூப்பிடப்போறாராம். அவள் அங்கை தனியத்தான் படுக்கிறாள் எண்டு நம்பிக்கொண்டிருக்கிறார், பாவம்."

யாரோ சிரித்தார்கள். கிளிநொச்சியில் தவசீலனின் மனைவி சிவரஞ்சினி நான்கு வருடமாகக் காத்திருக்கிறாள். தவசீலன் கையிலிருந்த கத்தியைக் கவனமாகக் கீழே வைத்தான். "நாளைக்குப் பூங்காவுக்கு வாங்கோ அண்ணை. சாட்சிக்கு ஒராளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றான்.

இன்று வரும் வழியெல்லாம், தவசீலனுக்குச் சாட்சியாக வந்த கீர்த்தனன் தடுத்துப் பார்த்தான். "அவருக்கென்ன மச்சான், அவர் குடியுரிமை எடுத்து இப்ப பிரெஞ்சுக்காரன். உன்ரை கார்ட் புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கு. பொலிஸ் கேஸ் எண்டு வந்தால் கார்ட்டும் இல்லை, ரஞ்சினியும் இல்லை."

"ரெண்டு பேரும் அடிபட்டால் ஆர் போய் ஆரைப் பற்றி முறையிடுறது? விசர்க்கதை கதையாதை."

வாமதேவன் தனியாகத்தான் வந்தார். "எனக்கெண்டு சாட்சி வேண்டாம். உன்ரை ஆளே காணும்," என்றார்.

இப்போது அவர் பின்னால் கைகட்டி நிற்பதைப் பார்த்துக் கீர்த்தனன் தவசீலனின் தோளைப் பிடித்தான். அவன் இங்கே பிறந்து வளர்ந்தவன். "முந்தி இஞ்சை வெள்ளைக்காரரும் மானத்துக்காகத் துவக்கெடுத்துத் தனிச்சண்டை பிடிச்சவை. பிழை விட்டவன் வானத்தைப் பாத்துச் சுடுவானாம். அதோடை ரெண்டு பேருக்கும் மரியாதை மிஞ்சும். விடு மச்சான்," என்றான்.

தவசீலனின் முஷ்டி தளர்ந்தது. "கையைக் கட்டினவருக்கு என்னெண்டு அடிக்கிறது?"

"அடி தம்பி. நான் கதைச்சது சாதாரண கதையில்லை," என்றார் வாமதேவன். "வாங்கினால்தான் எனக்கு ஆறும்."

தவசீலன் அடித்தான். பாதி மனதோடு விழுந்த அடி.

"ஒண்டு காணாது. அவளைப் பற்றி நான் என்ன சொன்னனான் எண்டு நினைச்சு அடி."

இரண்டாவது அடியில் பல் உடைந்தது. வாமதேவன் முழங்காலில் விழுந்தார். கைகள் மட்டும் முதுகை விட்டு அசையவில்லை. சட்டையில் இரத்தம் வழிந்தது.

தவசீலன் ஓடிப்போய் அவரைத் தூக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை," என்று சின்னப் பிள்ளை போல அழுதான். ஸ்தேன் கடையையே அவருக்கு விட்டுக்கொடுத்துவிடலாம் என்றுகூட அந்த நேரம் நினைத்தான்.

கீர்த்தனன் கைக்குட்டையை நீட்டினான். "இரத்தத்தைத் துடையுங்கோ."

"இருக்கட்டும்." வாமதேவன் கீர்த்தனனிடமிருந்து கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். "தம்பி, நீ எல்லாம் வடிவாப் பாத்தனிதானே?"

"ஓம் அண்ணை. இப்பிடி ஒரு மனுசனை நான் கண்டதில்லை."

"நான் ஒருக்கா எண்டாலும் கையை ஓங்கினனானே?"

"இல்லை அண்ணை. சத்தியமா இல்லை."

"அப்ப வா, இதைப் பொலிசிட்டைச் சொல்லு."