மேல் அச்சும் கீழ் அச்சும்

“உவ்வே!”

மிக்கேல்ராஜ் ட்ரேயைத் துப்பியே விட்டார். பல் செட்டுக்கு அச்சு எடுக்கும் மாவு சட்டையெல்லாம் கொட்டியது. இதோடு மூணாவது தடவை!

நர்ஸ் மெலிசாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம் மனுஷன், வாயில் ஒரு பல்கூட இல்லை. அடுத்த மாசம் மகள் செலினாவைக் கைபிடித்து சர்ச்சுக்குள் அழைத்துப் போக வேண்டும். பொக்கை வாயோடு போக மாட்டேன் என்று அடம்பிடித்து, புலாவ் செபாங்கிலிருந்து மலாக்காவுக்கு பஸ் ஏறி வந்திருக்கிறார். இன்றைக்கு அச்சு எடுத்தால்தான் கல்யாணத்துக்குள் பல் கிடைக்கும்.

“மூக்கால மூச்சு விடுங்க லா அங்கிள்!” என்று கெஞ்சினார் டாக்டர் நிவேந்திரன். “உதடு, கன்னம் எல்லாம் நல்லா அசையணும். அப்பதான் அச்சோட ஓரம் சரியா விழும். இல்லன்னா பேசுறப்பவே செட்டு கழண்டு விழுந்துடும்.”

மறுபடி ட்ரே உள்ளே போனது. மிக்கேல்ராஜுக்குக் கண் பிதுங்கியது. தொண்டை ஏறி இறங்கியது. போச்சு!

அப்போது பார்த்து, வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவி அகதா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“இவருக்கு எதுக்கு டாக்டர் பல்லு? பொண்ணைக் கூட்டிட்டுப் போக எங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அவருக்குப் பல்லும் இருக்கு, பார்க்கவும் ஆள் நல்லா இருப்பாரு!”

மிக்கேல்ராஜுக்கு முகம் சிவந்தது. “ம்ம்! ம்ம்ம்!” வாய் நிறைய மாவு, எப்படித் திட்டுவது? உதடு துடிக்கிறது, கன்னம் துள்ளுகிறது.

“அண்ணனுக்குக் கோட்டுகூட தைக்கக் கொடுத்தாச்சு!”

“ம்ம்ம்ம்!”

சே, இப்படியும் ஒரு பொம்பளையா! மெலிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் ட்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கத்தியே விட்டார்.

“சூப்பர்! ஓரத்தைப் பாரு மெலிசா! இவ்வளவு அழகா ஒரு அச்சு நான் எடுத்ததே இல்ல!”

மிக்கேல்ராஜ் மச்சானைத் திட்டிக்கொண்டே வாய் கொப்பளிக்கப் போனார். மெலிசாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் ஆன்ட்டி, அங்கிள் மனசு என்ன பாடுபடும்? இந்த நேரத்துலயா அண்ணன் பெருமை?”

அகதா எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணனுக்கு இன்னும் பத்திரிகையே வைக்கலம்மா. கோபம் வந்துட்டா இந்த மனுஷனுக்குக் குமட்டல், வலி எல்லாமே மறந்துடும். ஊசி போடுறப்பகூட நான் இப்படித்தான் சண்டை இழுப்பேன். வீடு போற வரைக்கும் திட்டுவாரு, திட்டட்டும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“இன்னும் கீழ் அச்சு இருக்குல்ல? அதுக்கு இவரோட தங்கச்சியை வம்புக்கு இழுக்கலாம்னு வச்சிருக்கேன்!”