கடுகு மலையைத் தூக்கிய நாள்

"இறுக்குதா?"

"இல்ல. இன்னும் ஒரு சுத்து சுத்து."

"இதுக்கு மேல சுத்தினா ரத்த ஓட்டமே நின்னுடும். நான் நர்ஸா, நீங்க நர்ஸா?"

அவர் சிரித்தார். உடை மாற்றும் அறையின் சிமெண்ட் தரையில் மண்டியிட்டு, கணவரின் வலது முட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள் நர்ஸ். எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த முட்டியில் ஆபரேஷன் செய்த டாக்டர், "நடந்தா போதும்னு நினைச்சுக்குங்க. எகிறுறது, குதிக்கிறது எல்லாத்தையும் மறந்துடுங்க" என்று கையை விரித்திருந்தார்.

பதினாறு வருடம் மல்யுத்த மேடையில் வாழ்ந்த மனிதர் எப்படி மறப்பார்? தினமும் டியூட்டிக்குப் போகும் முன் நர்ஸ் அவரை மாடிப்படிக்கு அழைத்துப் போனாள். முதல் மாதம் மூன்றே படி. நாலாவது படியில் அவர் சுவரில் தலை சாய்த்து அழுததை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. போன வாரம் நாற்பத்திரண்டு படியையும் ஒரே மூச்சில் ஏறினார். ஆனால் மேடை, மாடிப்படி இல்லையே!

"போட்டி நடத்துறவர் என்ன சொல்றார்?"

"வேற என்ன? கடைசியா வர்ற அந்தத் தூக்கு சரியா அமைஞ்சா மறுபடியும் மேடை. சொதப்பினா வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்கணும்."

இந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைப்பதுதான். சின்னவர் பெரியவரைத் தோளுக்கு மேல் தூக்கிப் போட வேண்டும். சின்னவரின் எடை எழுபது கிலோ. பெரியவர் அதைப்போல இரண்டு மடங்கு. மனிதர்கள் ஆயிரம் பேசி வைக்கலாம். முட்டி அந்தப் பேச்சுக்குக் கட்டுப்படுமா?

"வலிச்சா நிறுத்திடுங்க."

"நான் பாதியில நிறுத்தினா எதிர்ல நிக்கிறவன் கதி என்னாகும்? ரெண்டு பேர் சேர்ந்து ஆடுற ஆட்டம் இது. போ, போய் உன் சீட்ல உக்காரு."

மூன்றாவது வரிசையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் காக்கிச் சட்டையோடு ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். மைக்கில் பெயர்களைச் சொன்னதுமே விசிலடித்தார்.

"கடுகு! டேய் கடுகு! நம்ம ஆளு வந்தாச்சு!"

கயிற்றைத் தாண்டி மேடைக்குள் குதித்தார் கடுகு. எதிரே, படியேறி வந்து நின்றார் மலைமுழுங்கி. அரங்கமே ஊளையிட்டது.

"உடம்பைப் பாருங்கம்மா! இவன் என் பஸ்ல ஏறினா வண்டி ஒரு பக்கமா சாஞ்சுடும்" என்றார் டிரைவர்.

நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா கைக்குட்டையை இந்தப் பாடு படுத்துறீங்க? மேடையில உங்களுக்கு வேண்டியவங்க யாராவது இருக்காங்களா?"

"வீட்டுக்காரர்."

டிரைவரின் கண் விரிந்தது. "அட, முதல்லயே சொல்லக் கூடாதா! கவலையை விடுங்க. கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமா?"

மணி அடித்தது.

மலைமுழுங்கி ஒரு கையாலேயே கடுகைத் தூக்கி மூலைக்கு எறிந்தார். கடுகு பந்து மாதிரி எழுந்து வந்தார். மறுபடி எறிந்தார். மறுபடி எழுந்து வந்தார். இருபது நிமிடம் இதே கதை. கூட்டம் நாற்காலி மேல் ஏறி நின்றது.

கடைசியில் கடுகு குனிந்து, மலைமுழுங்கியின் இடுப்பை வளைத்துப் பிடித்தார். அரங்கம் மூச்சை அடக்கியது.

தூக்கினார். மலை அசையவில்லை. கடுகின் கால்கள் மடங்க, இருவரும் அப்படியே சரிந்தார்கள். யாரோ கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள்.

"போச்சு" என்றார் டிரைவர்.

நர்ஸ் எழுந்து நின்றாள். ஆஸ்பத்திரி வார்டில்கூட குரல் உயர்த்தாதவள், அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"முட்டியை நம்புங்க! நாப்பத்திரண்டு படி ஏறலையா? நம்புங்க!"

மேடையில் இருவரும் எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்து, காதோடு காதாக ஏதோ முணுமுணுத்தது போலிருந்தது. கடுகு மறுபடி குனிந்தார்.

மலை எழுந்தது! நூற்று நாற்பது கிலோவும் காற்றில் ஏறி, கடுகின் தோளுக்கு மேல் ஒரு கணம் மிதந்து, பலகை அதிர மல்லாந்து விழுந்தது. நடுவர் தரையைத் தட்டினார். ஒன்று... இரண்டு... மூன்று!

கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறை. டிரைவர் தொப்பியைத் தூக்கி எறிந்தார். நர்ஸ் சிரித்தாள், அழுதாள், யாரென்றே தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டாள்.

"ஜெயிச்சுட்டாரும்மா உங்க வீட்டுக்காரர்!"

"ஆமாங்க, ஜெயிச்சுட்டார்!" என்றபடி உடை மாற்றும் அறைக்கு ஓடினாள்.

கதவைத் திறந்ததும், வியர்வை சொட்டச் சொட்ட எதிரே வந்தார் கடுகு. அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தார்.

"பாத்தீங்களா அண்ணி? நான் எங்க தூக்கினேன்? அண்ணன்தான் அந்தக் காலை ஊனி ஒரு முழம் எம்பினாரு, நான் தாங்கிப் பிடிச்சதோட சரி!"

பெஞ்ச் முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மலைமுழுங்கி மெல்ல எழுந்து, மனைவியின் முன்னால் இன்னொரு தடவை எம்பிக் காட்டினார்.