ஒற்றை நட்சத்திரம்

"அந்த ஆளை நேர்ல பார்த்து ஒரு வார்த்தை கேக்காம நான் மாஸ்கோவுக்குக் கிளம்ப மாட்டேன்" என்றாள் பெர்மெத்.

"கேட்டு என்னடி ஆகப் போகுது? கம்ப்யூட்டரை வித்தாச்சு. டிக்கெட் எடுத்தாச்சு. நாளைக்கு இந்நேரம் நீ அங்க ஏதோ ஒரு கடையில தரை துடைச்சுக்கிட்டு இருப்ப."

"அதனாலதான் கேக்கணும்."

தோழியைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நூர்ஸாத்தும் கிளம்பினாள். அவளுக்கும் அதே ஆளிடம் கேட்க ஒன்று இருந்தது.

விஷயம் இதுதான். பிஷ்கெக்கில் ஒரு பால் கம்பெனி, தன் உப்புத் தயிர் உருண்டை பாக்கெட்டுக்குப் படம் வேண்டும் என்று இணையத்தில் போட்டி அறிவித்தது. யார் வேண்டுமானாலும் வரைந்து அனுப்பலாம். ஜெயித்தவருக்குப் பரிசு, மற்றவர்களுக்கு வெறுங்கை. 'இதை எங்கள் வீட்டு ஆஷாராக நினைத்து வாருங்கள்' என்று உருக்கமாக ஒரு வரி வேறு.

"ஆஷார்னா ஊரே கூடி ஒருத்தனுக்குச் சும்மா வீடு கட்டிக் குடுக்கும், சரி. ஆனா வீட்டுக்காரன் ஆடு அடிச்சு சோறு போடுவான். இவன் நம்ம படத்துக்கு நட்சத்திரம்தானே போடுவான்?" என்று நூர்ஸாத் அப்போதே சிரித்தாள். சிரித்துவிட்டு அவளும் வரைந்து அனுப்பினாள்.

வரும் படங்களுக்கு எல்லாம் எர்மெக் என்ற கம்பெனி ஆள் நட்சத்திரம் போட்டு, கீழே ஒரு வரி எழுதுவார். நூர்ஸாத்தின் மலைக்கும் கூடாரத்துக்கும் ஐந்து நட்சத்திரம். 'அற்புதம். மலையை இன்னும் கொஞ்சம் நீலமாக்குங்கள்.' நீலமாக்கினாள். 'கூடாரத்தை இடப்பக்கம் தள்ளுங்கள்.' தள்ளினாள். அவளிடம் கல்யாண அழைப்பிதழ் வரையக் கொடுத்தவர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளிடம் போய்விட்டார்கள்.

பெர்மெத் மலையே வரையவில்லை. மலை இல்லாமல் அந்த ஊரில் ஒரு பாக்கெட்டும் கிடையாது என்று தெரிந்தும், உருண்டை பிடிக்கிற இரண்டு கைகளை மட்டும் வரைந்தாள். பார்த்தவர்களுக்கு நாக்கில் உப்புக் கரித்தது.

அதற்கு ஒற்றை நட்சத்திரம். கீழே, 'உங்களுக்கு இந்தத் தொழில் வராது. இனி எதுவும் அனுப்பாதீர்கள்.'

வேறு ஒருத்தியாக இருந்தால் 'போடா' என்று சொல்லிவிட்டு அடுத்த போட்டிக்குப் போயிருப்பாள். பெர்மெத் ஏற்கெனவே தோற்றுத் தோற்று நொந்திருந்தவள். அந்த வரியை அப்படியே நம்பிவிட்டாள். வரைய உட்கார்ந்தாலே அழுகை வந்தது. கடைசியில், மாஸ்கோவில் துப்புரவு வேலை பார்க்கும் சித்தியிடம் தனக்கும் ஒரு வேலை கேட்டாள்.

போட்டியோ, 'பரிசுக்குத் தகுதியான படம் எதுவும் வரவில்லை' என்று முடிந்தது. கொஞ்ச நாளில் நூர்ஸாத்தின் நீல மலை, இங்கே அங்கே வளைத்து நெளித்து, முதலாளியின் மருமகன் வரைந்ததாகக் கடைகளில் தொங்கியது.

மதிய நேரம். எர்மெக் கையில் ஒரு சம்சாவோடு கம்பெனி வாசலுக்கு வந்தார். காலர் நைந்த, ஒடிசலான மனிதர். இந்த ஆளா அப்படி எழுதினார் என்று இருந்தது.

"எர்மெக் பைகே நீங்கதானே?" கோபத்திலும் பெர்மெத் 'அண்ணா' என்கிற அந்த மரியாதையை விடவில்லை. "ரெண்டு கையை வரைஞ்சு அனுப்பினது நான்தான். எனக்கு இந்தத் தொழில் வராதுன்னு எழுத நீங்க யாரு?"

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். "கொஞ்சம் தள்ளி வாங்க, தங்கச்சி."

சுவரோரமாகப் போய் நின்றதும் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் போட்டியில பரிசே கிடையாது. மருமகன் பேருலதான் படம் வரணும்னு முதல்லயே முடிவு. அவனுக்கு ஒரு யோசனையும் வராது. அதுக்குத்தான் ஊரையே வரைய வெச்சாங்க. நல்லா இருக்கிறதை நட்சத்திரம் போட்டு முதலாளிக்குக் காட்டணும், அதுதான் என் வேலை. ஒத்தை நட்சத்திரம் விழுந்ததை அவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார்."

அவர் பெர்மெத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"வந்ததுலயே உங்களோடதுதான் படம். அதைத் தூக்கி அந்தப் பய கையில குடுக்க மனசு வரலை."

"அதுக்காக அப்படியா எழுதுவீங்க? நல்ல வார்த்தையா சொல்லக் கூடாதா?" என்றாள் நூர்ஸாத்.

"சொல்லிப் பார்த்திருக்கேன். 'இந்தத் தடவை இல்லை'ன்னு எழுதினா இன்னும் நாலு வரைஞ்சு அனுப்புறாங்க. உண்மையை அங்க எழுத முடியாது, எல்லாரும் படிப்பாங்க. சுருக்குன்னு குத்தினாத்தான் விட்டுட்டுப் போறாங்க."

"அப்போ எனக்கு மட்டும் ஏன் அஞ்சு?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாராவது ஒருத்தர் வரைஞ்சு குடுத்துக்கிட்டே இருக்கணுமே. இல்லேன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

நூர்ஸாத் வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டித் தீர்த்தாள். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். வாங்க வேண்டிய திட்டுதான்.

பிறகு பெர்மெத் பக்கம் திரும்பினார். இத்தனை திட்டுக்கும் நடுவில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"உங்களையாவது தப்ப வெச்சேனே, எனக்கு அது போதும். உங்க திறமைக்கு எங்க போனாலும் பொழைச்சுக்குவீங்க. இப்போ யாருக்கு வரையுறீங்க?"