துண்டு ஆட்டிய கை

தேங்காயைக்கூடக் காதருகே ஆட்டிப் பார்த்தே வாங்கும் வேலாண்டி, அண்ணனைக் கப்பலேற்றிவிட்டு வந்ததாக மச்சான் கொம்பையா சொன்ன அந்த ஒரு பேச்சை மட்டும் இத்தனை வருஷமாக ஆட்டிப் பார்த்ததில்லை. அண்ணன் கொழும்புக்குக் கப்பலேறிய இடத்தைச் சாவதற்குள் பார்த்துவிட வேண்டுமென்று இன்று மச்சானையும் இழுத்துக்கொண்டு பழைய துறைமுகத்துக்கு வந்திருந்தார். அன்றைக்கு வழியனுப்பப் போனவர் கொம்பையா ஒருவர்தான். அண்ணனிடமிருந்து பிறகு ஒரு தகவலும் இல்லை. அவன் பங்கு வயலைக் கொம்பையாதான் உழுகிறார்.

"இந்தக் கல்லுலதான் மாப்ளே நின்னேன். கப்பல் இதை ஒட்டி நின்னுச்சு. உம்ம அண்ணன் மேல நின்னு செவப்புத் துண்டை இப்பிடி ஆட்டுனான்," என்று கொம்பையா கையைத் தூக்கி ஆட்டினார். ஊரில் எத்தனையோ தடவை ஆட்டிக் காட்டிய அதே ஆட்டல்.

பக்கத்தில் தோணிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "நல்லாச் சொன்னீரு அண்ணாச்சி! இங்க இடுப்பளவுதான் தண்ணி. கப்பல் அந்தக் காலத்துல கண்ணுக்கு எட்டாத தூரத்துல நிக்கும். ஆளைத் தோணியிலதான் கொண்டுபோய் ஏத்துவாங்க."

வேலாண்டி கடலைப் பார்க்கவில்லை. மச்சானின் கையைப் பார்த்தார். அது இன்னும் மேலேயே இருந்தது.

"எறக்காதேயும் மச்சான்," என்றார். "எங்கண்ணன் எங்க நின்னு ஆட்டினான்னு அப்பிடியே நீட்டிக் காட்டும்."

கொம்பையாவின் விரல் நீண்டது. தண்ணீருக்கு மேலே அங்குமிங்கும் அலைந்துகொண்டே இருந்தது.