காசி துரை படுத்த கல்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் வருஷத்துக் காட்சி ஒன்றைக் காட்டுகிறேன். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றங்கரையில் கூரையிழந்த மண்டபம். உச்சி வெயிலில், எழுத்து வெட்டிய கல்லின்மேல் குப்புறப் படுத்திருக்கிறார் காசிமிர். போலந்து தேசத்தில் அரசாங்க அதிகாரியாக இருந்தவர், சரித்திரம் எழுதியவர். ஊரார் வாயில் காசி துரை. அவர் கல்லைக் கழுவி, ஈரக் காகிதம் ஒட்டி, மை ஒற்றி எழுத்தைப் படியெடுத்ததைப் பார்த்தவர்கள், கல்லுக்கடியில் இருக்கும் புதையலுக்கு வழி தேடுகிறார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அவரை முந்திக்கொண்டு கல்லைப் பிளக்க வந்து நிற்கிறார்கள். முன்னால் நிற்கும் ஊர்க்காரன் கண்ணாயிரத்தின் கையில் கடப்பாரை.

"எழுந்திரு தொர! எங்க ஊரு தங்கத்தத் தூக்கிக்கினு பூடலாம்னு பாக்கிறியா?"

"தங்கம் இல்லப்பா. உங்க ஏரிய வெட்டினவங்க பேரு இருக்குது. எங்க ஊர்ல சண்டையப்போ எதிரி வந்து பழைய ஏட்டையெல்லாம் கொளுத்தினான். பாத்துக்கினு நின்னேன். இன்னிக்கு நிக்க மாட்டேன்."

"பேர வெச்சு நாக்கு வழிக்கிறதா?" என்று கூட்டத்தில் ஒருவன் சிரிக்கிறான். இன்னொருவன் காலைப் பிடித்து இழுக்கிறான். சட்டை கிழிகிறது; முழங்கை தேய்ந்து, இரத்தம் எழுத்துப் பள்ளங்களில் இறங்குகிறது. விரல்கள் கல்லின் விளிம்பை விடவில்லை. கடப்பாரை இறங்குகிறது. எலும்பு நொறுங்கும் சத்தமும் கல் பிளக்கும் சத்தமும் ஒன்றாகவே கேட்கின்றன. அடியில் வெறும் ஆற்றுமணல். கண்ணாயிரம் வெறிபிடித்தவனாக இன்னும் குத்துகிறான், மணல்தான் வருகிறது. அவன் மனைவி அங்கம்மாள் முந்தானையைக் கிழித்து அவர் கையைக் கட்டுகிறாள். அவரோ மற்றக் கையால் இரண்டு துண்டுகளையும் நெருக்கிச் சேர்க்கிறார்.

உங்கள் வீட்டில் முன்னோர் பேரைச் சொல்லப் பிள்ளைகள் இருக்கட்டும், கண்ணுகளா. கை நோகாமல், அடுப்பு அணையாமல் வாழுங்கள்.